கீழ்வீட்டுக் கூரை

டோம்பிவிலி கிழக்கில் 22 ஆண்டுகள் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டை 2022-ஆம் ஆண்டு விற்றுவிட்டு ஊருக்குத் திரும்புவதென்று தீர்மானித்தோம். என் கணவர் பணி ஓய்வு பெற்றிருந்தார். நாசரேத்துக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்தில் மாமியார் தனியே இருந்தார்கள். வீடு நல்ல விலைக்குப் போனால்தான் அங்கே பழைய ஓட்டுவீட்டைச் செப்பனிட முடியும்.

வீடு பார்க்க வந்த ஏஜெண்ட் அறைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, குளியலறை வாசலில் நின்றார். "வாங்க வருகிறவர்கள் ஹாலைப் பார்த்துச் சிரிப்பார்கள், இதைப் பார்த்து விலையைக் குறைப்பார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மையே. மும்பைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் உள்ளதுபோல எங்களுக்கும் குளியலறை தனி, கழிவறை தனி. முன்னது 4 அடிக்கு 6 அடி. பின்னது 3 அடிக்கு 4 அடி. ஒரு காலத்தில் வெண்மையாயிருந்த டைல்ஸ் பழுப்பேறி, இடுக்குகளில் சிமெண்ட் கரைந்து பள்ளம் விழுந்திருந்தது. குற்றவாளி நானே. சனிக்கிழமைதோறும் ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். டைல்ஸ் பளிச்சென்று தெரிந்ததை மாத்திரம் பார்த்தேன். அதே ஆசிட் இடுக்குச் சிமெண்டைத் தின்றுகொண்டிருந்ததை அறியாதிருந்தேன்.

சீட்டுப் பணம் 60,000 ரூபாய் கையிலிருந்தது. கணவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே பசை வைத்துப் புது டைல்ஸ் ஒட்டுவது, பிளாஸ்டிக் கூரைப் பலகை, புதுக் கதவு, கண்ணாடி, நல்ல ஷவர். நான்கே நாளில் வேலை முடிந்துவிடும், பார்க்கவும் அழகாயிருக்கும்.

அந்தக் காகிதத்தில் ஒரு காரியம் எழுதப்படவில்லை. எங்கள் வீடு இரண்டாம் மாடி. முதல் மாடியில் ஒரு மராத்தி விதவைத் தாயார் இருந்தார்கள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர்கள் காக்கு. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கும்போது கைத்தட்டலும் பாட்டும் தெருமுனை வரை கேட்கும். காக்கு ஒருநாளும் அதைக் குறித்து முறையிட்டதில்லை. ஆனால் மூன்று வருடமாய் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "உங்கள் குளியலறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது." முதல் வருடம் "மழைக்காலம் அல்லவா, சுவரில் ஊறியிருக்கும்" என்றோம். இரண்டாம் வருடமும் அதையே சொன்னோம். மூன்றாம் வருடம் அவர்கள் படியேறி வந்து சொன்னது மார்ச் மாதத்தில். அப்பொழுதும் "பார்க்கிறோம் காக்கு" என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினேன். இத்தனைக்கும் நான் ஒருமுறையாவது கீழே போய்ப் பார்த்ததில்லை.

டைல்ஸ் ஒட்ட வந்த கொத்தனார் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தம்பி. தரையைச் சுத்தியலின் பின்முனையால் தட்டித் தட்டிக் கேட்டார். சில இடங்களில் வெற்றுப் பானையைப் போலச் சத்தம் வந்தது. "அக்கா, மேலே ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்கும். அதற்குள் வீட்டை விற்றுவிடுவீர்கள்தானே?" என்றார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. வேலையின் அளவைத் தெரிந்துகொள்ளக் கேட்டார். என் கணவர், "விற்ற பிறகு அது வாங்கினவர் பாடு" என்றார்.

அன்று பிற்பகல் நான் கீழே இறங்கிப் போனேன். காக்கு தங்கள் குளியலறையைக் காட்டினார்கள். கூரைக்குக் கீழே நீலநிறத் தார்ப்பாய் நான்கு ஆணிகளில் கட்டப்பட்டு, நடுவில் தாழ்ந்து, ஒரு வாளிக்குள் வடிந்துகொண்டிருந்தது. பூச்சு உதிர்ந்த இடத்தில் கம்பி துருவேறித் தெரிந்தது. "நீ காலை ஐந்தரைக்குக் குளிக்கிறாய் அல்லவா? ஆறு மணிக்கு இங்கே சொட்ட ஆரம்பிக்கும். உன் வீட்டுக்காரர் குளித்தால் இன்னும் கொஞ்சம் வேகமாய்ச் சொட்டும்" என்றார்கள். அந்தக் குரலில் கோபம் இல்லை. எங்கள் குளியல் நேரத்தை ஒரு கடிகாரத்தைப் போல அறிந்துவைத்திருந்தார்கள்.

இரவு இதைச் சொன்னபோது கணவர் மறுமொழி கூறவில்லை. சாப்பிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் காலை நான் குளித்து வெளியே வந்தபோது அவர் வீட்டில் இல்லை. டார்ச் விளக்கோடு கீழே போயிருந்தார். திரும்பி வந்து அந்தக் காகிதத்தின் மறுபக்கத்தில் புதிதாய்க் கணக்கு எழுதினார்.

இந்த நகரத்தில் ஃபிளாட் வீட்டில் வசிக்கும் சகோதரிகளுக்காக, கொத்தனார் எங்களுக்கு விளக்கியதைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட குளியலறையின் தளம் மற்ற அறைகளைவிட ஏறக்குறைய ஒரு அடி தாழ்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் செங்கல் துண்டும் சாந்தும் நிரப்பி, அதன்மேல் டைல்ஸ் பதித்திருப்பார்கள். இடுக்கு விட்டுப்போனால் தண்ணீர் அந்த நிரப்பலில் ஊறித் தங்கும். பிறகு கீழே வழி தேடும். இரண்டு நாள் குளியலறையைப் பூட்டிவைத்தும் கசிவு சற்றும் குறையாமல் சீராய் வந்தால், எப்பொழுதும் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் பழுது இருக்கக்கூடும். குளித்த பின்பே சொட்டினால் தரையிலோ நானி டிராப்பிலோ பழுது. எங்களுக்கு இந்தச் சோதனை தேவைப்படவில்லை. காக்கு மூன்று வருடமாய் அதைச் செய்துவைத்திருந்தார்கள். மகாராஷ்டிர ஹவுசிங் சொசைட்டிகளின் மாதிரி துணைவிதிகளும், கழிவறை, குளியலறை போன்றவற்றால் உள்ளே ஏற்படும் கசிவை அந்த வீட்டு உறுப்பினரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்றுதான் சொல்லுகின்றன. மழையின்மேல் பழி போட்டபோது அந்தச் செலவைச் சொசைட்டியின் தலையில் கட்டப் பார்த்தோம் என்பதும் எனக்கு அப்பொழுதுதான் உறைத்தது.

வேலை 11 நாள் நடந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம். உடைத்த இடிபாட்டை மூட்டை மூட்டையாய்க் கூலியாட்கள் சுமந்து இறக்கினார்கள். நாங்கள் பக்கத்துக் கட்டடத்திலிருந்த சபைச் சகோதரி வீட்டில் குளித்தோம். (அவர்கள் வீட்டுத் தரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன்.) தளத்தைச் சுத்தம் செய்து, நீர்க்காப்புப் பூச்சுப் பூசி, அதைச் சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றினார்கள். அதற்காகச் சுவரின் அடிவரிசை டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று. அதே வெள்ளை இனிக் கிடைக்காது. ஆகவே அடிவரிசைக்கு அடர்நீல டைல்ஸ் பதித்தோம். வேண்டுமென்றே வைத்த கரைபோல அமைந்துவிட்டது. மேலே உள்ள பழைய டைல்ஸ் அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, இடுக்குகளுக்கு மட்டும் புதுப் பூச்சு இட்டோம்.

டைல்ஸ் பதிக்குமுன் டிராப்பின் வாயைத் துணியும் சாந்தும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கினோம். சுவரில் பென்சிலால் கோடு போட்டார் கொத்தனார். 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதல் நாள் இரவு கணவர் மூன்று முறை கீழே போய்வந்தார். இரண்டாம் நாள் நானும் போனேன். காக்கு தார்ப்பாயைக் கழற்றியிருந்தார்கள். மூவரும் ஒரே டார்ச் வெளிச்சத்தில் அண்ணாந்து நின்றோம். கூரை ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு துளியும் விழவில்லை. பழைய ஈரம் காயப் பல வாரம் ஆகும் என்று கொத்தனார் முன்பே சொல்லியிருந்தார். காக்கு வெறும் வாளியை எடுத்து வெளியே கவிழ்த்துவைத்தார்கள்.

செலவு இது: உடைப்பதற்கும் இடிபாடு அகற்றுவதற்கும் 9,000, நீர்க்காப்பு வேலை 22,000, புதுக் குழாய்களும் டிராப்பும் 8,500, டைல்ஸும் பதிக்கும் கூலியும் 7,500, வயதானவர்களும் உட்காரத்தக்க வெஸ்டர்ன் கமோடு 4,800, பிளாஸ்டிக் கதவு 2,600, குழாய்த் தலை, விளக்கு, கண்ணாடி, பூச்சு 3,200. ஈரம் காய்ந்தபின் காக்கு வீட்டுக் கூரையின் துருவைச் சுரண்டிப் பூசியதற்கு 5,500. ஆகமொத்தம் 63,100 ரூபாய். கூரைப் பலகையும் ஷவரும் காகிதத்தின் முன்பக்கத்திலேயே நின்றுவிட்டன.

ஏஜெண்டுக்குத் திருப்தியில்லை. "இவ்வளவு செலவழித்தும் சுவர் பழையதாகவே இருக்கிறதே" என்றார். வீடு பார்க்க வந்த இரண்டு குடும்பத்தார் அதையே சொல்லிப் போய்விட்டார்கள். மூன்றாவதாய் வந்தவர்கள் ஒரு இளம் தம்பதியர். என் கணவர், பதிப்பதற்கு முன் தரை எப்படியிருந்தது, குழாய் எந்த வழியாய்ப் போகிறது என்று கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டினார். மூன்று வருடம் கசிந்ததையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். அந்தப் பெண், "கீழ்வீட்டில் கேட்கலாமா?" என்றாள். "போய்க் கேளுங்கள்" என்றார்.

கால் மணி நேரம் கழித்து மேலே வந்தார்கள். சமையலறை மேடையைக் காட்டி 40,000 குறைக்கச் சொன்னார்கள், 25,000 குறைத்தோம். படங்களைப் பிரதியெடுத்து, ரசீதுகளோடு ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு, சாவி கொடுத்த அன்று கணவர் அவர்கள் கையில் கொடுத்தார். நான் அந்தப் பெண்ணிடம் தனியே ஒன்றே ஒன்று சொன்னேன்: ஆசிட் ஊற்றாதே.