விஜயபுரத்தில் கேட்ட இரு குரல்கள்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப் பாதையில், பொன்பாடியைத் தாண்டியதும் ஆந்திர எல்லை தொடங்கிவிடும். 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரிக்கு அருகிலுள்ள விஜயபுரம் ஆந்திரத்திலேயே நின்றது. ஆயினும் இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து அளவளாவுகின்றன. கடல் கடந்து பிழைக்கச் சென்றோர் கொண்டுவந்த ரிக்கார்டு பெட்டிகளும் சில இல்லங்களில் இன்னும் உள்ளன.

அத்தகைய இல்லம் ஒன்றில் அண்மையில் ஓர் ஒப்பீட்டைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒரே வகைக் கார்ட்ரிட்ஜ்கள் இரண்டு. ஒன்று வாங்கியது வாங்கியபடியே இருப்பது. மற்றொன்று ஊசியும் உள் ரப்பரும் புதுப்பிக்கப்பெற்றது. இசைத்தட்டோ, திருப்பதியின் பெயரோடு பிரியாதது: எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி 1963 இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம்.

பழையதில் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மென்மையாக ஒலித்தது. தம்புரா வெறும் முழக்கமாய்க் கலந்திருந்தது. சகர ஒலிகள் சீறின. புதுப்பித்ததில் தம்புராவின் மீட்டல் தெளிந்தது. உடன் பாடும் ராதா அவர்களின் குரல் தனித்து விளங்கியது. தட்டின் கீறல்களும் கூடவே உரக்கக் கேட்டன! வீட்டுப் பெரியவர், “பழையதுதானப்பா எனக்கு இனிக்கிறது” என்றார்.

அவர் விருப்பத்தை மறுக்க நாம் யார்? ஆனால் அம்மென்மையின் காரணத்தை அறிதல் நலம். ஊசியைத் தாங்கும் ரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகுகிறது. அப்போது ஊசி பள்ளத்தின் நெளிவுகளுக்கு இசைந்து வளையாமல் அதன் சுவரைச் சுரண்டுகிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் குரலில் சிறிது அழிகிறது, அழிந்தது திரும்பாது.

அருகிலுள்ள புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்குப் பேர்போனது. கட்டுவோர் கைத்திறம் அறிந்தே அங்கு மக்கள் செல்கின்றனர். கார்ட்ரிட்ஜ் செப்பனிடுவதும் அவ்வாறே. ஊசியின் முனையும் அதைத் தாங்கும் தண்டும் மாறினால் ஒலியும் மாறும். பழைய ஒலி அப்படியே மீளும் என எவரும் உறுதி கூற இயலாது. அமெரிக்காவின் ஷூர் கம்பெனி 2018 இல் கார்ட்ரிட்ஜ் உற்பத்தியையே நிறுத்திவிட்டமையால், இத்தகைய கைவினைஞரின் தேவை பெருகியுள்ளது.

அயலூரில் வாழும் அன்பர்களே! பெற்றோர் விட்டுச்சென்ற தட்டுகள் உங்களிடமும் இருக்கலாம். அவற்றைச் சுழலவிடுமுன் ஊசியைச் சோதியுங்கள். 78 சுற்றுத் தட்டுக்குத் தடித்த ஊசியும், நீண்ட நேரத் தட்டுக்கு நுண்ணிய ஊசியும் வேண்டும். பெரியவர் விரும்பும் மென்மையை ஒலிப்பெட்டியின் குமிழைத் திருகியும் பெறலாம். தேய்ந்த தட்டில் போன குரலை எக்குமிழும் தாராது.