எரிமலை ஊரில் ஆறு படங்கள்

பிரான்சின் லியோன் நகரில் ஒரு தெருவுக்கு 'முதல் படத் தெரு' என்றே பெயர். லூயி லூமியேர் 1895 மார்ச்சில் தன் குடும்பத்துத் தொழிற்சாலையின் வாசலுக்கு எதிரே கேமராவை வைத்து, வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளர்களைப் படம் பிடித்த இடம் இது. தொழிற்சாலையில் மிஞ்சியிருப்பது ஒரு கொட்டகை மட்டும். அதற்குள் இப்போது திரையரங்கு நடக்கிறது. எந்த வாசல் வழியாக அந்தப் பெண்கள் நீளப் பாவாடையும் தொப்பியுமாக வெளியே வந்தார்களோ, அந்தப் பக்கமாகவே நாம் படம் பார்க்க உள்ளே போகிறோம். லியோனில் வேறெதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. இதைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் படம் ஐம்பது நொடிகூட ஓடாது. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸில் கிராண்ட் கஃபேயின் நிலவறையில், ஆளுக்கு ஒரு ஃபிராங்க் வாங்கிக்கொண்டு, இதையும் சேர்த்துப் பத்துப் படங்கள் காட்டினார்கள். குழந்தை சாப்பிடுகிறது, தோட்டக்காரரின் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது, சிறுவர்கள் கடலில் குதிக்கிறார்கள், இப்படிப் பத்து. வந்தவர்கள் 33 பேர். திரையில் ரயிலைக் கண்டு கூட்டம் அலறி ஓடியது என்று கேட்டே வளர்ந்தோம். அந்த ரயில் படம் அன்றைய பட்டியலிலேயே கிடையாது! ஆக, சினிமா பிறந்ததே குறும்பட மாலையாகத்தான். நம் ஊருக்கும் அது அப்படித்தான் வந்தது. திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 வாக்கில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் சில துண்டுப் படங்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். மூன்று மணி நேரப் படமெல்லாம் பிறகு வந்த பழக்கம்.

அந்தப் பழைய மாலை இன்னும் செழிப்பாக நடக்கிற ஊர், லியோனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் இருக்கிறது. பெயர் கிளெர்மோன் ஃபெரான். ஜனவரிக் கடைசியில் போய் இறங்கியபோது குளிர் காதைக் கடித்தது. ஊரே கறுப்பு. சுற்றியுள்ள பழைய எரிமலைகளின் கல்லை வெட்டித்தான் வீடுகளையும் பேராலயத்தையும் கட்டியிருக்கிறார்கள். மழையில் நனைந்த அந்தக் கோபுரங்கள் புகை படிந்த அடுப்பங்கரைச் சுவர்போல் இருந்தன. தெரு முனையில் நிமிர்ந்தால் 1465 மீட்டர் உயரத்துக்குப் புய் தெ தோம் எரிமலை நிற்கிறது. மிஷ்லின் டயர் பிறந்த ஊர் இது. சுற்றுலாக்காரர்கள் அதிகம் தேடி வரும் ஊர் இல்லை.

1979-இல் இங்கே பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் குறும்பட வாரம் ஒன்றை நடத்தினார்கள். அது 1982-இல் விழாவானது. 1988-இல் சர்வதேசப் போட்டியும் சேர்ந்தது. இன்று குறும்படத்துக்கு உலகிலேயே பெரிய விழா இதுதான். ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். ஒன்பது நாளில் அரங்குகளுக்குள் போகும் தலைகளைக் கூட்டினால் அதையும் தாண்டிவிடுகிறது. நட்சத்திரம் கிடையாது, சிவப்புக் கம்பள ஆர்ப்பாட்டம் கிடையாது. மாலைக் காட்சிக்குப் பண்பாட்டு மாளிகையின் வாசலில் நின்ற வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மளிகைப் பையோடு வந்த பெண்கள், கைத்தடி ஊன்றிய பெரியவர்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். நிகழ்ச்சிப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். "இந்த ஒன்பது நாளும் நான் சமைப்பதில்லை" என்றார்.

மாளிகைக்குள் இருக்கும் கோக்தோ அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். அத்தனையும் நிரம்பின. ஒரு காட்சிக்கு ஐந்தாறு படங்களைத் தொகுத்துத் தருகிறார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே. அன்று ஆறு. பெயர்களைச் சொல்லிப் பயனில்லை; இவற்றில் பெரும்பாலானவை எந்த ஊரிலும் தியேட்டருக்கு வரப்போவதில்லை. லெபனான் படமொன்றில் மின்வெட்டில் லிஃப்டுக்குள் சிக்கிக்கொள்ளும் இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள், மாடிப்படித் தகராறை அங்கேயே தீர்த்துக்கொள்கிறார்கள். ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் அவர்கள் பெருமூச்சு விட்ட விதம் நமக்குப் புரிந்த அளவுக்குப் பக்கத்து இருக்கைக்காரருக்குப் புரிந்திருக்காது. அடுத்தது கரிக்கோடுகளால் வரைந்த போலந்து அனிமேஷன், நான்கு நிமிடம், வசனமே இல்லை. பிறகு பிலிப்பைன்ஸ்: வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் தாய், வீடியோ அழைப்பிலேயே மகளுக்குத் தலைவாரக் கற்றுத்தருகிறாள். பின்னல் கோணலாகவே வருகிறது. அவ்வளவுதான் கதை. அரங்கில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

நான்காவது ஒரு விளம்பரப் படம்போல் பளபளத்தது. டிரோன் மேலே பறந்தது, வயலின் அழுதது, கடைசி நிமிடத்தில் 'அட!' என்று சொல்ல வைக்கும் திருப்பம். கைதட்டலும் பலமாக விழுந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசித் திருப்பத்துக்காகவே கட்டிய படத்தை இரண்டாம் முறை யார் பார்ப்பார்கள்? ஆனால் குறும்பட மாலையின் வசதியே இதுதான்: பிடிக்காத படம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எழுந்து போகத் தோன்றாது. சிலி நாட்டுப் பாலைவனத்தில் லாரி ஓட்டுபவரைப் பற்றிய ஐந்தாவது படத்தில் நீண்ட நேரம் சாலையைத் தவிர எதுவும் இல்லை. வீட்டில், கையில் செல்போனோடு பார்த்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். இங்கே ஆயிரம் பேர் சேர்ந்து அந்தச் சாலையைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அன்றைய இரவில் நெஞ்சில் தங்கிய படம் அதுதான். அதற்கு முன்னால் அந்தப் பளபளப்பை வைத்த தொகுப்பாளர் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆறாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வெளியே வந்து ட்ரூஃபாத் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கையும் உள்ளூர்ப் பாலாடைக்கட்டியையும் வாணலியில் சேர்த்துக் கிளறும் பண்டம். கூடவே பன்றி இறைச்சி வரும். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்து மேசைகளில் எல்லாம் அந்த லாரிக்காரரைப் பற்றித்தான் சண்டை. ஒருவர் அறுவை என்றார், இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நம்மிடம் குறும்படம் எடுப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லோரும் வந்தார்கள். அது பெருமைதான். ஆனால் குறும்படத்தை நாம் கோடம்பாக்கத்துக்கான நுழைவுத் தேர்வாகவே வைத்துவிட்டோம். பரீட்சைத் தாளைத் திருத்துபவரைத் தவிர வேறு யார் படிப்பார்கள்? எடுக்கிறவன் தயாரிப்பாளரை நினைத்து எடுக்கிறான்; பார்க்கிற ஊர் என்று ஒன்று உருவாகவே இல்லை. கிளெர்மோனில் இருப்பது அந்த ஊர்தான். காசு கொடுத்து, வரிசையில் நின்று, குறும்படத்தைக் குறும்படமாகவே பார்க்கிற ஊர்.

போக விரும்புகிறவர்கள் ஜனவரிக் கடைசி, பிப்ரவரித் தொடக்கத்துக்குத் திட்டமிடுங்கள். அறையை மாதக்கணக்கில் முன்பே பிடியுங்கள். கனமான கோட்டு அவசியம். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு, கேரளச் சலச்சித்திர அகாடமி 2008 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் திருவனந்தபுரத்தில் சர்வதேச விழா நடத்தி வருகிறது. சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில். நாகர்கோவில்காரர்களுக்குச் சாக்கே கிடையாது.