தாளம் பிடிப்பவனுக்கும் சம பங்கு

தைப்பூசத்தன்று ஈப்போவில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடியோடு நடந்தவர்களுக்கு உருமி மேளத்தின் பலம் தெரியும். கால் சோர்ந்து நின்றுவிட்டவரையும் அது மலையடிவாரம் வரை நடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் அந்த மேளத்தை அடிக்கும் குழுக்களில் பல, வளர்வதற்குள் உடைந்துவிடுகின்றன. உடையாமல் நிற்கும் ஒரு குழுவைப் பார்க்கத்தான் சுங்கை சிப்புட் பக்கம் போனேன்.

முன்பு மேளம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒரே லயம், ஒரே பெரட்டு, ஒரே மாரியம்மன். ஆளைத் தேட வேண்டியதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சனம் தாமான்களுக்குப் போனது. இந்தக் குழுவில் ஒருவர் ஈப்போவில் ஃபேக்டரி ஷிப்ட், ஒருவர் லோரி ஓட்டுகிறார். இன்னொரு பையன் சிங்கப்பூரில். அங்கே தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973-இல் தடை வந்தது. 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வாசிக்க விட்டார்கள். அவன் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து அடிக்கிறான்.

ஊர்க் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பயிற்சி. தேங்காய் மட்டையைக் கொளுத்தி இருவர் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோலைத் தட்டிப் பார்ப்பதும் மறுபடி நெருப்பில் காட்டுவதுமாக வெகுநேரம். உருமிக்காரர் வலப்பக்கம் அடித்துக்கொண்டே, இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்தார். அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல அந்த உறுமல் எழுந்தது. அருள் வருவது அந்த ஓசையில்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

"சிக்கலே அங்கதாண்ணே. எல்லாருக்கும் உருமிதான் வேணும். தாளம் பிடிக்க ஆள் இல்ல," என்றார் குழுவை நடத்துபவர். அவர் கண்டுபிடித்த வழி எளிது. பயிற்சியில் வாத்தியங்கள் கைமாறும். நேற்று உருமி அடித்தவர் இன்று தாளம் பிடிப்பார். அன்று புதிதாக வந்த பையனிடம் தாளம் இருந்தது, அவன் வேகம் தப்பிக்கொண்டே போனான். யாரும் அவனைத் திட்டவில்லை. குழுவை நடத்துபவர் மற்றவர்களை ஓசை குறைத்து அடிக்கச் சொன்னார். பையனுடைய தாளம் தனியாகக் கேட்டது. அவனே கேட்டுத் திருத்திக்கொண்டான். பிறகு மேளம் முழுவதும் அவனைப் பின்தொடர்ந்தது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இனி அவனைப் பயிற்சிக்கு வா என்று யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

அடுத்தது காசு. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லார் முன்னாலும் எண்ணுகிறார்கள். தோலுக்கும் வேன் எண்ணெய்க்கும் எடுத்து வைத்தபின் மிச்சம் சம பங்கு. "உருமிக்குன்னு ஒரு வெள்ளி கூட்டிக் குடுத்தா அன்னைக்கே குழு ரெண்டாப் போயிடும்." அவருடைய தாத்தா தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவராம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது. தொழிலாளர் சேர்த்த காசில் தோட்டங்களையே வாங்கியது. பங்கு இருந்தால் ஆள் விட்டுப் போகமாட்டான் என்ற பாடம் அந்த வீட்டில் அப்போதே தெரிந்திருக்கிறது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில்கள் மூடின, கூப்பிட ஆளில்லை. கொஞ்சம் தளர்ந்ததும் குழுவை நடத்துபவர் ஆளுக்கொரு வாத்தியத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். தோலைக் காப்பது அவரவர் பொறுப்பு. திரும்ப அடிக்கும் நாள் வந்தபோது வாத்தியங்களோடு ஆட்களும் வந்தார்கள்.

உருமி அடிக்கும் பையன் என்றாலே குண்டர் கும்பல் என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சினிமா மெட்டு வேண்டாம், பக்திப் பாடல் போதும் என்று கோயில்கள் கேட்பது நியாயம். அதை நானும் ஏற்கிறேன். ஆனால் கண்டிக்கும் உரிமை உள்ளவர்களுக்குக் கடமையும் உண்டு. இந்தக் குழுவுக்கே பேசிய தொகையைக் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தவர்கள் இருக்கிறார்கள். கோயில் நிர்வாகத்தினரே, பேசிய பணத்தை அன்றிரவே கொடுத்துவிடுங்கள். அடிக்கும் முன் பையன்களைச் சாப்பிட வையுங்கள். மைக்கில் நன்றி சொல்லும்போது தலைவர் பெயரோடு நிறுத்தாமல், தாளம் பிடித்தவன் பெயரையும் வாசியுங்கள்.