தள்ளக்கூடிய தோணி

எங்கட வீட்டுத் தோணிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. 2004 டிசம்பர் 26 இல் கடல் எழும்பி வந்தபோது வாப்பாவின் பழைய மரத்தோணியும் போனது. அந்த ஒரு காலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தாகிப் போனார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஒவ்வோர் ஊரிலும் கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. அடுத்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் வந்து 18 அடி பைபர் தோணி ஒன்றைத் தந்தது. அதில் பிடித்த மீனில்தான் நாங்கள் எல்லோரும் படித்தோம். ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் அத்திவாரமும் அந்தத் தோணியின் உழைப்புத்தான்.

இனி ஒட்டுப்போட்டுச் சரிவராது என்று பைபர் வேலை செய்பவர் இந்த வருடம் சொல்லிவிட்டார். இஞ்சின் மாட்டும் பின்பலகை உள்ளுக்குள் ஊறிப்போய், போல்ட் இறுக்கினால் பிடிக்குதில்லை. புதுத் தோணி எடுக்க வேண்டும். எந்தத் தோணி என்பதுதான் கேள்வி. நாலு மாதமாக வீட்டில் வேறு பேச்சு இல்லை. வீட்டில் கம்பஸ் போகிற ஆட்கள் நாங்கள் என்பதால், தேடிப் பார்த்துக் கணக்குப் போடுகிற வேலை எங்கள் தலையில் விழுந்தது.

இந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருந்தது. காக்கா பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறார். "பெரிய போட் எண்டா நிப்பன். இதே மாதிரிச் சின்னத் தோணி எண்டா நான் கத்தாருக்குப் போறன்" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே நாங்கள் பேசியது தோணியைப் பற்றி மட்டுமில்லை.

அலுமினியம் என்ற யோசனையைக் கொண்டு வந்ததும் காக்காதான். யூடியூபில் அமெரிக்க வீடியோக்கள் பார்ப்பார். விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களின் ஏரிகளில் மஸ்கி என்றொரு மீன் இருக்கிறது. முழுப்பெயர் மஸ்கலஞ்ச். நன்னீர் மீன், வாய் நிறையப் பல், நாலு அடிக்கு மேலும் வளரும். பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால்தான் ஒன்று அகப்படும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டாம். அதைப் பிடிக்க அகலமான, பெரிய அலுமினியப் படகில் போகிறார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு வீச வேண்டும் என்பதால் தளம் தட்டையாக இருக்க வேண்டும், படகு ஆடக்கூடாது. கடைசியில் மீன் மாட்டினால் அளந்து, போட்டோ எடுத்து, அனேகமாகத் திரும்பத் தண்ணீருக்குள் விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்தில் நின்று பார்த்த உம்மா கேட்டா: "பத்தாயிரம் தரம் வீசிப் புடிச்ச மீன உட்டுப்போட்டு வந்தா, ஊட்ட என்னத்த ஆக்குற?"

சிரித்தாலும் அந்த வீடியோக்களில் ஒரு விஷயம் எங்களுக்குப் பிடித்தது. அவர்கள் படகின் அழகைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. எந்த ஏரி, எவ்வளவு பெரிய அலை, வீட்டிலிருந்து எதில் இழுத்துப் போவது, எந்த இடத்தில் இறக்குவது என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதே கேள்விகளை நாங்கள் எங்கட கரையைப் பார்த்துக் கேட்டோம்.

அலுமினியத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. இரும்பின் அடர்த்தி 7.8 என்றால் அலுமினியத்துக்கு 2.7 தான். அடிபட்டால் நசுங்கும், பைபர் மாதிரி வெடிக்காது. கடலுக்கென்றே 5083 என்ற கலவை இருக்கிறது, அதில் பெரிய கப்பல்களே கட்டுகிறார்கள். பழசானால் உருக்கி மறுபடி பாவிக்கலாம். எங்கட பழைய பைபர் தோணியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்காது.

ஆனால் உப்புத்தண்ணீரில் அலுமினியத்தோடு செம்போ, துருப்பிடிக்காத இரும்போ ஒட்டிக்கொண்டிருந்தால் மின்கலம் மாதிரி வேலை நடக்கும். அரிக்கப்படுவது அலுமினியம். அதைத் தடுக்க நாகத்துண்டு பொருத்தி, அது கரையக் கரைய மாற்ற வேண்டும். செம்பு கலந்த பெயின்ற் அடிக்கக்கூடாது. ஓட்டை விழுந்தால் ஆகன் வாயு வைத்து ஒட்டுகிற வெல்டிங்காரர் வேண்டும். எங்கட கரையில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. பைபர் என்றால் அப்படியில்லை. வாடிக்குப் பக்கத்திலேயே கவிழ்த்துப் போட்டு, உரசி, மெட் வைத்து, ரெசின் பூசி, வெயிலில் காயவிட்டால் அடுத்த நாள் கடலுக்குப் போகலாம். ஒரு தோணி எதனால் செய்யப்பட்டது என்பதைவிட, அது உடைந்த அன்று யார் திருத்துவார் என்பது எங்களுக்குப் பெரிய கேள்வி. அலுமினியம் அந்த இடத்தில் நின்றுபோனது.

அடுத்தது காக்காவின் உண்மையான ஆசை: ஆழ்கடல் போட். ஐஸ் அறை, படுக்க இடம், உள்ளே இஞ்சின். நாலைந்து பேர் நாட்கணக்கில் தங்கி, சூரையும் கெலவல்லாவும் பிடித்து வரலாம். கரைக்குப் பக்கத்தில் கீரி, நெத்தலி, பாரைக்குட்டி என்று ஓடித்திரிகிற எங்களுக்கு அது வேறொரு உலகம். விலையும் வேறொரு உலகம். லீசிங் போட்டாலும் முதல் காசுக்கே வீட்டுப் பத்திரம் அடகு போக வேண்டும்.

சட்டமும் வேறு. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. ஆழ்கடலில் யார் எங்கே பிடிக்கிறார்கள் என்ற கண்காணிப்புப் போதவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அடுத்த வருடம் தடை நீங்கியது. அதற்காகச் செய்த ஏற்பாடுகளில் ஒன்றுதான் சர்வதேசக் கடலுக்குப் போகிற போட்டுகளில் செய்மதிக் கருவி பூட்டியது. பிடித்த மீனுக்குப் பதிவுப் புத்தகமும் எழுத வேண்டும். இதெல்லாம் பழகிக்கொள்ளலாம், பரவாயில்லை. காசுக்கும் ஏதாவது வழி பார்க்கலாம் என்று மாமா சொன்னார்.

வழி கிடைக்காதது கரையில்தான். ஆழ்கடல் போட்டை மணலில் இழுத்து வைக்க முடியாது. அதற்கு ஆழமான, அலை அடிக்காத தண்ணீர் வேண்டும். கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் நேரே திறந்த கடல். வளைவோ குடாவோ இல்லை. போட்டை வெளியே நங்கூரம் போட்டு வைத்து, சின்னத் தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். கச்சான் காலத்தில் அது நடக்கும். நவம்பரில் வாடை தொடங்கினால் நங்கூரக் கயிறு அறுந்து, இரவோடிரவாகப் போட் கரையில் வந்து மோதி உடையும். எங்கட கரையில் அந்த மரண ஓலத்தைக் கேட்காத குடும்பம் குறைவு.

துறைமுகம் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. துறைமுகம் இருக்கிறது, நாங்கள் படிக்கிற வளாகத்துக்குப் பக்கத்திலேயே. ஒலுவில் துறைமுகம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். அவர் 2000 செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் காலமானார். டென்மார்க்கின் கடனுதவியோடு வேலை 2008 இல் தொடங்கி, 2013 செப்டெம்பர் 1 ஆம் திகதி துறைமுகம் திறக்கப்பட்டது. வணிகக் கப்பலுக்கு ஒரு பக்கம், மீன்பிடிக்கு ஒரு பக்கம்.

பிறகு வாயை மணல் மூடியது. கிழக்குக் கரையோரமாக அலை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். குறுக்கே கல்லணை கட்டினால் மணல் அணையின் தெற்கில் சேரும், சுற்றி வந்து வாயிலும் படியும். வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் அந்தப் பக்கத்துக் கரை கரையும். ஒலுவிலின் வடக்கிலும் நிந்தவூரிலும் தென்னந்தோட்டங்களும் வாடிகளும் கடலுக்குள் போனது இப்படித்தான். வாயில் மணல் தோண்டினால் போட் போகும், பிறகு மறுபடி மூடும். தோண்டிய மணலை எங்கே போடுவது என்பதில் மீனவர்களுக்கும் கரையை இழந்தவர்களுக்கும் இடையில் இழுபறி. இரண்டு பக்கமும் எங்கட ஆட்கள்தான், இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

மற்றத் துறைமுகம் வாழைச்சேனை. ரோட்டால் சுமார் 70 கிலோமீற்றர். போட்டை அங்கே வைத்தால் வாழ்க்கையும் அங்கே போக வேண்டும். வாப்பாவுக்கு 61 வயது. "ஒழுங்கா ஒரு துறைமுகம் இருந்தா நான் இந்தக் கணக்கெல்லாம் கேக்கவே மாட்டன் மனே" என்றார். காக்கா ஒன்றும் பேசவில்லை. பெரிய போட் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்தது.

ஆகவே பைபர், கரையில் இழுக்கிற அளவு. மிச்சமிருந்தது 23 அடியா, 19 அடியா என்ற கேள்வி. 23 அடி என்றால் வலை கூட ஏற்றலாம், கொஞ்சம் தூரம் போகலாம், அலைக்கும் நின்று பிடிக்கும். அதற்கேற்ற பெரிய இஞ்சின் வேண்டும், அது மண்ணெண்ணெயும் கூடக் குடிக்கும். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியதை எங்கட கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். அந்த நாட்களில் பெரிய இஞ்சின்காரர்கள் முதலில் கரையேறினார்கள். சின்ன இஞ்சின்காரர்கள் பக்கத்திலேயே வலை போட்டு எப்படியோ அடுப்பெரித்தார்கள்.

எண்ணெயை விடவும் தோள் முக்கியம். தோணியைக் கடலில் இறக்குவதும் ஏற்றுவதும் ஆட்கள்தான். முந்தி எங்கட கரையில் ஒரு சத்தம் வைத்தால் பத்துப் பேர் ஓடி வந்து தோள் கொடுப்பார்கள். இப்போது காலையில் கரையில் நிற்பவர்களைப் பார்த்தால் தலையெல்லாம் நரை. பொடியன்மார் கத்தாரிலும் சவூதியிலும் துபாயிலும் நிற்கிறார்கள். டிராக்டர் பிடித்து இழுக்கலாம், ஒவ்வொரு நாளும் வாடகை கொடுத்தால் பிடிக்கிற மீன் டிராக்டருக்குத்தான். வாப்பா, மாமா, இன்னும் இரண்டு கூட்டாளிகள். அந்த நாலு பேரும் உருளைக்கட்டை போட்டுத் தள்ளக்கூடிய பாரம் எவ்வளவோ, அதுதான் எங்கட தோணியின் அளவு. 19 அடி.

காக்கா இல்லாமல் தள்ளக்கூடிய தோணி என்று அதை வீட்டில் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் விளங்கியது.

தோணி செய்கிற இடத்துக்குப் போனபோது எதையெதைப் பார்ப்பது என்று வாப்பா காட்டித் தந்தார். உங்களில் யாராவது வீட்டுக்கு எடுக்கப் போனால் உதவும். விரல் முட்டியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்ட வேண்டும். ஒரே மாதிரிச் சத்தம் வந்தால் சரி. எங்கேயாவது பொள்ளல் சத்தம் கேட்டால் அங்கே மெட்டும் ரெசினும் ஒட்டவில்லை. வெயிலில் கவிழ்த்துப் போட்டு உள்ளே குனிந்து பார்த்தால், மெல்லிய இடங்களில் வெளிச்சம் கூடத் தெரியும். மணலில் உரசுகிற நடு எலும்பில் மேலதிகமாக மெட் போட்டிருக்க வேண்டும். பின்பலகையில் துளை போட்டால் துளைக்கு உள்பக்கமும் ரெசின் பூசச் சொல்ல வேண்டும். பூசாவிட்டால் உள்ளே இருக்கிற பலகை தண்ணி குடிக்கும். மிதப்புக்கு நுரை அடைத்த அறைகள் அணியத்திலும் பின்னாலும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தோணி கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு மிதக்க அதுதான் உதவும். சுனாமிக்குப் பிறகு அவசரம் அவசரமாகச் செய்து கொடுத்த தோணிகளில் சில இரண்டு வாடை தாங்கவில்லை. எங்கடது தாங்கியது, வாப்பா ஒவ்வொரு வருடமும் கவிழ்த்துப் போட்டுப் பார்த்ததால்.

கடலோரத்துப் பொடியன்மார் ஏன் கடலுக்குப் போகிறார்கள் இல்லை, எல்லோருக்கும் வெளிநாட்டு மோகம் என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். எங்கட வீட்டில் நடந்தது மோகம் இல்லை. ஆழத்தில் மீன் இருக்கிறது, போக மனமுள்ள ஆளும் இருக்கிறார், கடனுக்கும் ஒரு வழி இருந்தது. போட்டை நிறுத்த இடம் இல்லை. நாங்கள் புவியியல் வகுப்பில் கரையோர மணல் நகர்வு என்று படம் கீறிப் புள்ளி வாங்குகிற விஷயம், ஒரு வீட்டில் யார் இருப்பது, யார் போவது என்று தீர்மானிக்கிறது. துறைமுக வாயைப் பற்றிப் பேசுவது மீனவர் சங்கத்தின் வேலை மட்டும் என்று நாங்கள் ஒதுங்கி நிற்க முடியாது. மணலை அள்ளுவதா, அள்ளிய மணலைக் கரைந்த பக்கத்துக்கே கொண்டுபோய்ப் போடுவதா, அதற்கு வருடாவருடம் யார் காசு கொடுப்பது என்பதெல்லாம் எங்கட வயதுக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள்.

தோணிக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது. வாடை முடிந்து மார்ச்சில் தருவார்கள். காக்காவுக்கு விசா வந்திருக்கிறது, ஜனவரியில் பயணம். என்ன நிறம் அடிப்பது என்று அவரிடம்தான் கேட்டோம். பழைய நீலமே இருக்கட்டும், தூரத்தில் வரும்போது உம்மாவுக்கு அடையாளம் தெரியும் என்றார்.