அசையாதே என்ற சொல்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நான் மிகுதியாகச் சொன்ன சொல் எதுவென்று எவரேனும் கேட்பின், சற்று நாணத்தோடு ஒன்றைக் கூறுவேன்: "அசையாதே!" ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து நான் சுமந்து வந்த வகுப்புக் கட்டுப்பாட்டின் சாரம் அதுவே என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கையைக் குலைத்தது டத்தோ கிராமாட்டில் உள்ள சிறியதொரு படப்பிடிப்பு நிலையம்.

பள்ளி ஆண்டு மலருக்குப் பரதம் ஆடும் மாணவியர் நால்வரின் படம் தேவைப்பட்டது. படம் பிடிப்பது என் நெடுநாள் பொழுதுபோக்கு. நண்பரின் நிலையத்தை ஒரு சனிக்கிழமை மாலை இரவல் பெற்றேன். கறுப்புத் திரை, இரண்டு விளக்குகள், முக்காலியில் கேமரா. மாணவியரை அரைமண்டியில் நிறுத்தி, விளக்கைத் திருத்தியவாறே "அசையாதே, அசையாதே" என்றேன். ஓரத்தில் நின்ற சிறுமியின் கால்கள் நடுங்கின, கண்கள் கலங்கின. முத்திரை பிழையின்றிப் பதிந்தது. முகத்தில் பதிந்ததோ அச்சம்.

"ஐயா, ஆடினால்தான் எனக்குச் சிரிப்பு வரும்" என்றாள் அவள்.

அன்றிரவு அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் 108 கரணங்களுள் 81 மட்டுமே செதுக்கப்பட்டுள்ளன. கல்லில் நிற்பதால் அவற்றை வெறும் நிலைகள் என்று கருதியோர் பலர். கரணம் நிலையன்று, கையும் காலும் இயைந்த அசைவு என்று ஆய்ந்து ஆடியும் காட்டியவர் பத்மா சுப்ரமணியம். அமெரிக்காவின் பார்பரா மார்கனோ, மார்த்தா கிரகாமின் நடனங்களைக் கண்டு, உயிர்ப்பான கணங்களைத் தேர்ந்து, ஸ்டூடியோவில் மீண்டும் ஆடச் செய்து படம் பிடித்தார். 1941இல் அவை நூலாயின. சிற்பியும் அவ்வம்மையாரும் அசைவைத் தேடினர். நானோ அதனைக் குற்றமாக்கியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை புதுமுறையொன்றைச் சோதித்தோம். அறையை இருளாக்கி, பக்கத்தில் மங்கிய விளக்கொன்றை மட்டும் எரியவிட்டு, ஷட்டரை இரண்டு நொடி திறந்து வைத்தேன். சிறுமி ஆடினாள். தொடக்கத்திலேயே பிளாஷ் மின்னியபோது, ஒளிச்சுவடு அவளுக்கு முன்னே நீண்டு, அவள் பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றியது. ஷட்டர் மூடும் கணத்திற்கு மின்னலை மாற்றினேன். உருவம் தெளிவாக முன்னிற்க, அது கடந்துவந்த வழி புகைபோல் பின்தொடர்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் பாழாயின. பிறகு ஒன்றில், கை சுழன்ற வட்டமும், அதன் முடிவில் அவள் சிரிப்பும் ஒருசேர அமைந்தன.

அப்படத்தைக் காண அவள் தாயார் பள்ளிக்கு வந்தார். நெடுநேரம் நோக்கியிருந்தார்.

"வீட்டிலும் இப்படித்தான் ஐயா, ஓரிடத்தில் நிற்கமாட்டாள்" என்றவர், தயங்கிப் பின் சொன்னார்: "இதற்காகத்தானே என்னை மூன்று முறை பள்ளிக்கு அழைத்துக் கண்டித்தீர்கள்?"

அவர் குரலில் சினமில்லை. அதனாலேயே என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அந்த மூன்று கடிதங்களிலும் இருப்பது என் கையொப்பம்.

படம் மலரில் வெளிவந்தது. முகம் கலங்கலாக இருக்கிறதே என்று குறைகூறியோரும் உண்டு. இன்றும் காலைச் சபையில் அப்பழஞ்சொல் என் நாவின் நுனிவரை வருகிறது. சில நாள் அதை விழுங்கிவிடுகிறேன். சில நாள் சொல்லியும் விடுகிறேன். சொல்லிய நாள்களில், என் அறைச் சுவரில் மாட்டியுள்ள அப்படத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குக் கூச்சமாக இருக்கிறது.