இரண்டாவது தாங்கி

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டும் என்று மலராசிரியர் பணித்தபோது, இலக்கணத்தைப் பற்றியே நாம் எழுதுவோம் என அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாமோ ஒரு பழைய வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டது. கிடைத்த சிறிதும் போத்தலிற் பொன்விலைக்கு விற்கப்பட்டது. அக்காலத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எமது சிறிய தந்தையாரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ 40 பிக்கப் இருந்தது. 1992 இல் அவர் அதற்கு இரண்டாவது தாங்கி பொருத்தியபோது, இக்கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த நாம் ஸ்பனர் எடுத்துக் கொடுக்கும் சிற்றாளாயிருந்தோம்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றமாட்டாது. ஆதலாற் பெற்றோலிற் கிளப்பி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். பெரிய தாங்கி மண்ணெண்ணெய்க்காயிற்று. முன்மூடியின் கீழ், காபரேற்றரினும் உயர்ந்த இடத்தில், ஒரு போத்தல் கொள்ளும் தகரத் தாங்கி அமைந்தது. பெற்றோல் தானே இறங்கிவர உயரம் வேண்டும். மூடியிற் காற்றுப் புக ஊசித்துளை வேண்டும். அன்றேல் ஓட்டம் நின்றுவிடும். செப்புக் குழாய் புகைக்குழாயின் சூட்டிற்கும் மின்வயர்களுக்கும் விலகிச் செல்லல் வேண்டும். இவற்றையெல்லாம் அவர் சொல்லிச் சொல்லியே செய்தார். இரு குழாய்களும் கூடுமிடத்தில் ஒரு திருகு.

“தம்பி, இந்தத் திருகு உன் பொறுப்பு. வண்டியை நிறுத்துமுன் பெற்றோலுக்குத் திருப்பி இரண்டு நிமிடம் ஓடவிடவேண்டும். மறந்தால் அடுத்தமுறை கிளம்பாது” என்றார்.

மூன்று மாதம் தவறவில்லை. ஒருநாள் மாலை, பந்தடிக்கும் ஆவலில் மறந்தோம். அன்றிரவே அயல்வீட்டு ஆச்சிக்கு இழுப்பு முற்றியது. அவரைத் தூக்கிவந்து வண்டியிற் சாய்த்து இருத்தினர். சிறிய தந்தையார் கைபிடியைச் சுழற்றினார். ஒரு முறையன்று, பல முறை. இயந்திரம் இருமவும் இல்லை. பெற்றோலுக்கு அருகே விளக்கைக் கொணரலாகாது. எனவே இருளிலேயே கைதடவி, காபரேற்றர்க் கிண்ணத்திலிருந்த மண்ணெண்ணெயைக் கொட்டிப் பெற்றோல் நிரப்பினார். அரைமணி நேரத்திற்கு மேலாயிற்று. அவ்வளவு நேரமும் ஆச்சியின் மூச்சொலியை எண்ணிக்கொண்டு நின்றோம்.

ஆச்சி பிழைத்தார். சிறிய தந்தையார் எம்மை ஏசவில்லை. மறுநாள் மாலை வண்டி வாயிலை அடைந்ததும், “தம்பி, திருகு” என்றார், அவ்வளவே. பறிக்கவேண்டிய பொறுப்பை மீண்டும் எம் கையில் தந்தாரே, அதுவே தண்டனையும் மன்னிப்புமாயிற்று. ஆசிரிய கலாசாலையிற் கற்ற உளவியற் பாடங்கள் பல மறந்துபோயின; இது மறக்கவில்லை. வீட்டுப்பாடத்தை மறந்து தலைகுனிந்து நிற்கும் மாணவனை ஏச வாயெடுக்கும்போதெல்லாம் அவ்விரு சொற்களும் எம்மைத் தடுக்கின்றன.

பழைய மாணவராகிய அன்பர்காள்! எமது கல்லூரியும் அச்சிறிய தாங்கி போன்றதே. நெடுந்தூரம் எம்மை ஓட்டுவது வேறு எரிபொருளாயிருக்கலாம். முதலிற் கிளப்பியது இதுவன்றோ? ஓட்டம் ஓயுமுன் ஒருமுறை இப்பக்கம் திரும்புக. அடுத்துக் கிளம்பவேண்டியவர்கள் வகுப்பறைகளில் இருக்கின்றனர்.