ஆடிக் காற்றும் ஒரு கூலிங் கிளாஸும்

திண்டுக்கல் - பழநி சாலையில் தினம் பைக் ஓட்டுபவர்கள் இரண்டு ரகம். வீடு ஒட்டன்சத்திரத்தில், வேலை திண்டுக்கல்லில் என்பவர்கள் முதல் ரகம். வீடு திண்டுக்கல்லில், வேலை ஒட்டன்சத்திரத்தில் என்பவர்கள் இரண்டாவது ரகம். இந்த இரண்டாவது ரகம் போன ஜென்மத்தில் ஏதோ புண்ணியம் செய்திருக்க வேண்டும். காலையில் மேற்கே போகும்போதும் சூரியன் முதுகில், மாலையில் கிழக்கே திரும்பும்போதும் சூரியன் முதுகில். முதல் ரகத்துக்கோ இரண்டு வேளையும் முகத்தில் வெயில். சம்பளம் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்!

வெயிலாவது பரவாயில்லை ஸார், தொப்பி, கைக்குட்டை என்று சமாளித்துவிடலாம். காற்று?

மேற்குத் தொடர்ச்சி மலையில், பாலக்காட்டுப் பக்கம், சுமார் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. ஆனி பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று, மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு அந்த வழியாக உள்ளே நுழையும். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பழநி தாண்டி, புழுதியோடு நம் சமவெளிக்கு வந்து சேரும். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ பறக்காதோ, ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் சட்டை காலர் பறந்து காதில் அறைவது நிச்சயம். இதில் மட்டும் ஆண்டவன் சமத்துவம் பார்த்திருக்கிறார். இரண்டாவது ரகத்துக்குக் காலையில் எதிர்க்காற்று, முதல் ரகத்துக்கு மாலையில்.

பி.காம். படித்தவனுக்குக்கூடப் புரிகிற கூட்டல் கணக்கு இது. நீங்கள் போவது 60 கிலோமீட்டர் வேகம். எதிரே காற்று 30. ஆக, உங்கள் கண்ணில் மோதுவது 90! திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளினால் பாக்கி 30 மட்டும்தான். வரவும் செலவும் ஒரே நாளில்.

கண் எதற்கு அழுகிறது?

நம் கண்மணிக்கு மேலே கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கிறது. தடிமன் சில மைக்ரான்தான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமை அதைப் புதிதாகப் பூசிவிடுகிறது. வேகமான காற்று பட்டால் அடுத்த இமைப்புக்குள் காய்ந்துபோகும். 'வறண்டுவிட்டது!' என்று கண் தந்தி அடிக்க, சுரப்பி குடம் குடமாகக் கொட்ட, எதிரே வரும் லாரி இரண்டாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி கண்ணை மூடினால் பைக் சுமார் 17 மீட்டர் போயிருக்கும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் தக்காளி வண்டி ஒன்று அந்த 17 மீட்டருக்குள் நின்றுகொண்டிருந்தால்? ரசம்தான்.

மேடைக் கண்ணாடி வேறு, பைக் கண்ணாடி வேறு

திண்டுக்கல்லுக்கும் கூலிங் கிளாஸுக்கும் பழைய பந்தம் உண்டு. 1972-ல் கட்சி தொடங்கிய எம்.ஜி.ஆருக்கு முதல் பெரிய வெற்றியைக் கொடுத்தது 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தல். இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவர் ஜெயித்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் என்றால் எம்.ஜி.ஆர். முகம் ஞாபகம் வரும் பெரியவர்கள் இந்த ஊரில் நிறைய. அது கம்பீரத்துக்கு. நாம் பேசுவது காற்றுக்கு.

இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்கும் 'ஏவியேட்டர்' கண்ணாடி 1930-களில் அமெரிக்க விமானிகளுக்காக உருவானது. வானத்து வெளிச்சம் கூசாமல் இருக்கத்தான் அது. கண்ணீர்த்துளி வடிவத்தில் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பைக்கில் போகும்போது கன்னத்துப் பக்கம் நுழையும் காற்று உள்ளே சுழன்று, நேராகக் கண்ணில் ஊதும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் கண்ணாடி விற்கும் தம்பியிடம் விசாரித்தேன்.

"அண்ணே, இது யு.வி. அண்ணே. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க."

"ஸ்டிக்கரைக் கிழிச்சா?"

"கிழிச்சாலும் கண்ணாடி இருக்கும்ண்ணே!"

பதில் பிரமாதம். ஆனால் விஷயம் சிரிப்பு இல்லை. கறுப்பாக இருப்பதும், புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் வேறு வேறு சமாசாரம். கறுப்புக்குப் பின்னால் இருட்டு என்று நினைத்துக் கண்ணின் பாப்பா விரியும். தடுப்புச் சக்தி இல்லாத கண்ணாடியென்றால் விரிந்த வாசல் வழியாகப் புற ஊதாக் கதிர் கூடுதலாகவே உள்ளே போகும். 'யு.வி. 400' என்றால் 400 நானோமீட்டர் வரையிலான கதிரைத் தடுக்கிறது என்று அர்த்தம். நல்ல கண்ணாடிக் கடைகளில் அதை அளக்க ஒரு சின்ன மீட்டர் வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய கூத்து

முதலில், ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். கண்ணாடிக் காம்பு தட்டையாக, மெல்லியதாக இருந்தால்தான் ஹெல்மெட்டுக்குள் சுலபமாக நுழையும். தடித்த காம்பு காதுக்கு மேலே அழுத்தி, சின்னாளபட்டி போவதற்குள் தலைவலி தந்துவிடும்.

இரண்டாவது, போட்டுக்கொண்டு கீழே பாருங்கள். கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தால், காற்றும் நுழையும். இமைமுடி கண்ணாடியில் இடித்தாலும் வேண்டாம். பக்கவாட்டில் நெற்றிப்பொட்டு வரை வளைந்து வருகிற ரகமே உத்தமம். திண்டுக்கல் பூட்டு மாதிரி முகத்தோடு 'க்ளிக்' என்று பொருந்த வேண்டும்!

மூன்றாவது, கடைக்கார அண்ணாச்சியின் டேபிள் ஃபேனைக் கடன் கேளுங்கள். முழு வேகத்தில் வைத்து, நேராக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை நில்லுங்கள. கண்ணில் சில்லென்று பட்டால் நிராகரியுங்கள். அண்ணாச்சி முறைப்பார். முறைக்கட்டும், கண் நம்முடையது.

நான்காவது, கை நீட்டிப் பிடித்து, கண்ணாடி வழியாகக் கதவு நிலையைப் பார்த்தபடி மெல்ல அசையுங்கள். நேர்க்கோடு பாம்பு மாதிரி நெளிந்தால் அது மட்டமான லென்ஸ்.

ஐந்தாவது, பாலிகார்பனேட் லென்ஸா என்று கேளுங்கள். கல் தெறித்தால் சாதாரணக் கண்ணாடி சில்லாகி உள்ளே போகும். பாலிகார்பனேட் சுலபத்தில் உடையாது.

ஓரத்தில் ஃபோம் வைத்த கண்ணாடியும் வருகிறது. காற்றை அருமையாகத் தடுக்கும். ஆனால் சிக்னலில் நின்றால் வேர்வையில் ஆவி படியும். காற்றோட்டத்துக்குச் சின்னத் துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பவர் அதிகம் உள்ளவர்களுக்கு ரொம்ப வளைந்த லென்ஸில் ஓரம் கோணலாகத் தெரியலாம். அவர்கள் வழக்கமான கண்ணாடியோடு, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழு ஹெல்மெட்டின் முகமூடியை இறக்கிவிட்டுக்கொள்வதே நல்லது. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸை நம்பி ஏமாறாதீர்கள். அது கறுப்பது புற ஊதாக் கதிர் பட்டால்தான். அந்தக் கதிரை ஹெல்மெட் முகமூடியே பெரும்பாலும் தடுத்துவிடுவதால், உள்ளே அது தேமே என்று வெளுத்தே இருக்கும்.

டீக்கடை வைத்தியம்

என் நண்பர் ஒருவருக்கு ஃபைனான்ஸ் கம்பெனியில் கலெக்‌ஷன் வேலை. தினம் வேடசந்தூர் ரோட்டில் ஓட்டம். ஒரு ஆடி மாதம், வெறுங்கண்ணோடு போனவருக்கு ஏதோ தூசி விழுந்தது. டீக்கடையில் நிறுத்தினார். ஒருவர் துண்டு முனையைச் சுருட்டி எடுக்கப் பார்த்தார். இன்னொருவர் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினார். நாலாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. புண்ணாகிவிட்டது. மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்துக் கண் பிழைத்தது. தழும்பு மட்டும் தங்கிவிட்டது. இப்போது இரவில் எதிரே வரும் ஹெட்லைட் அவருக்கு நட்சத்திரமாகச் சிதறுகிறது. ஆறு மணிக்கு மேல் வண்டியைத் தொடுவதில்லை. கலெக்‌ஷன் வேலையில் ஆறு மணிக்கு மேல்தானே ஆள் வீட்டில் இருப்பான்? வேலையை மாற்றிக்கொண்டார்.

இது அபூர்வமான கதை இல்லை. 1993-ல் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கின்படி, வருஷத்துக்கு லட்சம் பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. மண், செடி, தழை சம்பந்தப்பட்ட காயங்களில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். தூசி விழுந்தால் தேய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் இமைத்து இமைத்துக் கழுவுங்கள். உறுத்தல் நிற்கவில்லையா, அன்றைக்கே கண் டாக்டர். நீங்களாகச் சொட்டு மருந்து வாங்குவது கூடவே கூடாது.

பொழுது சாய்ந்தால்...

சிறுமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 கொண்டை ஊசி வளைவுகளில் வெயிலும் மர நிழலும் மாறி மாறி வரும். மிகக் கறுத்த கண்ணாடி நிழலில் குழியை மறைத்துவிடும். நிலைக்கண்ணாடியில் பார்த்தால் உங்கள் கண் லேசாகத் தெரிகிற அளவு சாம்பல் அல்லது பிரவுன் நிறம் போதும். நீலம், ரோஸ் எல்லாம் சிக்னல் விளக்கின் நிறத்தையே குழப்பும். கறுப்பை அளக்க 0 முதல் 4 வரை நம்பர் உண்டு. 3-ம் நம்பர் நல்ல வெயிலுக்கு. 4-ம் நம்பரைப் போட்டுக்கொண்டு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது.

அந்த 3-ம் நம்பரும் சாயங்காலம் வரைக்கும்தான். தைப்பூச சமயத்தில் பழநி ரோட்டில் இருட்டிய பிறகு போய்ப் பாருங்கள். காவடியும் கைக்குழந்தையுமாக, செருப்பில்லாமல், சாலை ஓரத்தில் சாரை சாரையாக ஜனங்கள் நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் அவர்கள் வெறும் நிழல். நூறோ இருநூறோ கூடப் போட்டு, நிறமே இல்லாத வெள்ளைக் கண்ணாடி ஒன்றும் வாங்கி பையில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றையும் தடுக்கும், நடப்பவர்களையும் காட்டும். ஸ்டைல் கொஞ்சம் குறையும்தான். இருட்டில் உங்கள் ஸ்டைலை யார் ஸார் பார்க்கப் போகிறார்கள்?